இட்லிக்கடைத் தொட்டியில் கொசுப்புழு

லூர்துராணி டீச்சர் பாலக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து, ஸ்டேஷன் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தார். கோபக்காரர் என்று பெயர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

1959 மழைக்காலத்தில் பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தொட்டியிலிருந்து கொசுப்புழுவோடு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பாட்டில் வாயைத் துணியால் கட்டி, புழு கொசுவாகும்வரை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு, பார்த்ததைச் சொல்லச் சொன்னார். வள்ளிக்கண்ணு கைகட்டி எழுந்தாள்.

"கொசு பூச்சி இனத்தைச் சேர்ந்தது. அதற்கு ஆறு கால்கள் உண்டு."

"புஸ்தகத்தையா கேட்டேன்? நீ என்ன பாத்தே?"

"கொசு பூச்சி இனத்தைச் சேர்ந்தது..."

வகுப்பு முழுக்க இதே பாட்டு. டீச்சருக்குத் தலை வலித்தது. "புஸ்தகம் படிக்காதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அப்பவாவது சொந்தமா வார்த்தை வருதான்னு பாப்போம்" என்று தெருவுக்கு அனுப்பினார்.

வந்தது. ராக்கம்மாளின் இட்லிக்கடையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வள்ளிக்கண்ணு தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "உங்க தொட்டில புழு நெளியுது. இவங்க அதத்தான் குடிக்கிறாங்க!"

பாதி இலையில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். மறுநாள் ராக்கம்மாள் பள்ளிக்கே வந்து கத்தினாள். தலைமையாசிரியர் நல்லுசாமி, "பாடத்த மட்டும் நடத்துங்க டீச்சர். அந்த பாட்டிலையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்றார்.

"பேசலன்னாலும் தொல்லை, பேசினாலும் தொல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போனார். பாட்டில்களைத் தூக்கிப் போடவில்லை.

"சொன்னது நிஜம். ஆனா நாலு பேர் முன்னாடி சொன்னா யார் கேப்பாங்க?" என்று, பிள்ளைகளையே கடைக்காரர்களாக நிறுத்திப் பேசிப் பழக வைத்தார். வள்ளிக்கண்ணு ராக்கம்மாளாக நின்று போட்ட கூச்சலில் டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் வள்ளிக்கண்ணு புதிதாகப் புழு பிடித்த பாட்டிலோடு மறுபடி போனாள்.

"அத்தை, இத கொஞ்சம் பாருங்களேன்."

ராக்கம்மாள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எங்க தொட்டித் தண்ணியா?"

"இல்ல அத்தை, எங்க வீட்டுத் தண்ணி. எங்களுக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

ராக்கம்மாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அந்த வாரமே தொட்டியைக் கழுவித் தகர மூடி போட்டாள்.

மற்ற வீடுகளில் சிலர் கேட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். லால்குடிக்கு மாற்றலாகும்வரை டீச்சர் ஆண்டுதோறும் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். நல்லுசாமியும் ஆண்டுதோறும் முணுமுணுத்தார். ராக்கம்மாளோ, டீச்சர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.