வரத்துக்காலில் அடைத்த முள்

எங்கள் ஊரில் வெள்ளம் வந்தது என்று சொன்னால் அபிராமம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூடச் சிரிப்பார். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊர். அந்த ஊரில்தான் என் ஒன்றரை ஏக்கர் நெல், முளைத்து ஒரு மாதம்கூட ஆகாத பயிர், நாலு நாள் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

என் வயலை ஒட்டித்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக்கால் ஓடுகிறது. அது ரோட்டைக் கடக்கும் இடத்தில் முன்பு அகலமான கல்பாலம் இருந்தது. ரோடு போட வந்தவர்கள் அதை இடித்துவிட்டு இரண்டு சிமென்ட் குழாயைப் புதைத்துவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டிய மழையில் வரத்துக்கால் பொங்கி வந்தது. அடித்துக்கொண்டு வந்த கருவேல முள் குழாய் வாயில் சிக்கியது. அதன்மேல் வைக்கோல், பிளாஸ்டிக் பை, செடி கொடி எல்லாம் சேர்ந்து ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி என் வயலில் ஏறிவிட்டது.

முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "தண்ணி கெடந்தா நல்லதுதானேண்ணே" என்றான் ஒருவன். அறைந்துவிடலாம் போல இருந்தது. தண்ணீரைத் தேக்கித்தான் எங்களுக்குப் பழக்கம், வடிய விடுவது யாருக்கும் தெரியாது.

யூனியன் ஆபீசுக்குப் போன் போட்டேன். சார் மீட்டிங்கில் இருந்தார். மறுநாளும் மீட்டிங்தான். ஜேசிபிக்காரர் "வாரேன், வாரேன்" என்று சொல்லி மூன்றாம் நாள் போனையே எடுக்கவில்லை. ரோடு போட்டவனை, குழாய் புதைத்தவனை, கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவனை, முள்ளை வெட்டி வரத்துக்காலில் போட்ட படுபாவியை, ஒருத்தரையும் விடாமல் வாய் வலிக்கத் திட்டினேன். சோறு கொண்டுவந்த என் மனைவி, "தொண்டை கட்டிக்கிரும், சாப்பிடுங்க" என்றாள். எங்கே சாப்பிடுவது? தண்ணீருக்கு மேலே தெரிந்த பயிரின் நுனிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன.

நாலாம் நாள் காலையில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் பெண் அரிவாளும் கவைக்கம்புமாக வந்து நின்றார். "இங்கன குளமா நிக்கிது. அங்கன எங்க கம்மாயில கால் நனையக்கூடத் தண்ணியில்லண்ணே. போனையே பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நானும் என் மனைவியும் பின்னாலேயே இறங்கினோம். அவர் வெட்ட, நான் கவைக்கம்பால் இழுக்க, அவள் கரையில் தள்ளினாள். கையெல்லாம் முள் கிழித்து எரிந்தது. உச்சிப்பொழுதில் அடைப்பு அசைந்தது. கடைசியாகக் குழாய் வாயோடு ஒட்டிக் கிடந்த ஒரு முள்கட்டு வெளியே வந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அந்தக் கட்டில் ஒரு பச்சைச் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

புழுதியில் விதைத்த கையோடு வரத்துக்காலின் குறுக்கே முள் அடைப்பது எங்கள் பக்க வழக்கம். ஆடுகள் வயலுக்குள் வருவது காய்ந்த வரத்துக்கால் வழியாகத்தான். பன்றி மிரளட்டும் என்று அதில் பழைய சேலையையும் கிழித்துக் கட்டுவோம். முதல் மழை விழுந்ததும் அந்த வேலியைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் அந்த முதல் மழை விழுந்த அன்று நான் உரம் வாங்க அபிராமம் போயிருந்தேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், வெள்ளமா வரப்போகிறது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

கிழிசலைக் காலால் சேற்றுக்குள் மிதித்தேன்.

"எந்தப் படுபாவின்னு நாலு நாளா கேட்டீகளே, யாருன்னு தெரிஞ்சுச்சாண்ணே?" என்றார் அந்தப் பெண்.

"தெரியலம்மா" என்றேன்.

என் மனைவி குனிந்து, என் காலடியிலிருந்து அந்தத் துணியை உருவி எடுத்தாள். ஓடுகிற தண்ணீரில் அலசினாள். "என் சேலைதான். நாங்க அடைச்ச முள்ளுதான்" என்றாள்.

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று பார்க்கக் கரையோடு நடந்துவிட்டார்.

சாயங்காலம் என் வயல் வடிந்தது. பள்ளத்துப் பயிர் பாதி அழுகிப் படுத்திருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.