உபயதாரர் வரிசையில் என் பெயர்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் தகடு கிடக்கிறது. ஒரு பக்கம் ஓம், திருப்பினால் சிலுவை. இரண்டும் மாமா பெயிண்டில் எழுதியவை. சிலுவை கொஞ்சம் சாய்ந்திருக்கும். இண்டூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி அப்போது ஒன்றுதான். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஊரெல்லாம் நன்கொடை கேட்டு அதை வாங்கி, அவரே பார்த்துக்கொண்டார். சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுபோய், கரண்ட் கொடுத்து, வீட்டுக்குத் தக்கபடி தகட்டைத் திருப்பித் தலைமாட்டில் மாட்டுவார். பாய் வீடு என்றால் தகட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "தகடு இருக்கறவங்களுக்குடா, பெட்டிதான் செத்தவங்களுக்கு" என்பார். அத்தை கிறிஸ்தவர். மாமா தினமும் திருநீறு பூசுவார், கிறிஸ்துமஸுக்கு அத்தையோடு போய்ச் சபையின் கடைசி பெஞ்சிலும் உட்காருவார்.

ஒரு மழைநாளில் கோயில் தர்மகர்த்தாவின் அம்மா இறந்தார். அவசரத்தில் மாமா தகட்டைத் திருப்ப மறந்துவிட்டார். முந்தின வாரம் சபைக்காரர் வீட்டுக்குப் போய்வந்த பெட்டி அது. அந்த அம்மாவின் தலைமாட்டில் சிலுவை தொங்கியதை யாரோ செல்போனில் படம் பிடித்து அனுப்ப, சாயங்காலத்துக்குள் அது மதம் மாற்றும் சதியாகிவிட்டது. "மறந்துட்டேனுங்க, வயசாயிடுச்சுங்க" என்று மாமா கும்பிட்டார். கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த ஞாயிறு, புதிதாக வந்திருந்த போதகர், விக்கிரகத்தின் அடையாளம் தொங்கிய பெட்டியில் விசுவாசியைக் கிடத்துவது பாவம் என்று பிரசங்கம் செய்தார். எதிலும் ஒத்துவராத இரண்டு கூட்டமும் இதில் ஒத்துப்போயின. மாமா வீட்டுக் கொட்டகையில் இருந்த பெட்டியின் கண்ணாடியை உடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

பழைய பெட்டி அதோடு பழுதாகிப் போக, கோயிலுக்கு ஒரு பெட்டி, சபைக்கு ஒரு பெட்டி என்று ஆனது. கோயில் பெட்டிக்கு நன்கொடை கேட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். "வாத்தியாரு நீங்களே ஒதுங்குனா எப்படிங்க?" என்றான் என்னிடம் படித்தவன் ஒருவன். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் கொடுத்தேன். சுமுகம், ஊர் ஒற்றுமை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வெறும் பயம். பெட்டியின் பக்கவாட்டில் உபயதாரர் வரிசையில் என் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். மாமா அதைப் பார்த்தார், "சாப்புட்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சித்திரை வெயிலில் ஒரு காலை மாமா போய்ச் சேர்ந்தார். அவருடைய ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். "நான் வர்ற வரைக்கும் அப்பா முகத்த வச்சிருங்க" என்று போனில் அழுதாள். அவள் வர மறுநாள் சாயங்காலம் ஆகும். நான் கோயிலுக்கு ஓடினேன். "கிறிஸ்துமஸுக்குச் சபையில உக்காந்தவருங்க. கோயில் பெட்டி தீட்டாயிடும் சார்" என்றார்கள். சபைக்கு ஓடினேன். "ஞானஸ்நானம் வாங்கலீங்களே பிரதர்" என்றார் போதகர், மிகவும் மரியாதையாக. தர்மபுரியில் வாடகைப் பெட்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. கடைசியில் ஒகேனக்கல் மீன் கடைகளில் ஐஸ்கட்டி கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி வேனில் கொண்டுவந்தோம். ஊருக்கெல்லாம் பெட்டி தூக்கியவர், மீன் கவுச்சி அடிக்கும் தண்ணீருக்கு நடுவே பெஞ்சில் கிடந்தார். அத்தை மூக்கை மூடவில்லை. கசியும் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தார்.

மகள் வந்தபோது முகம் ஊதிக் கறுத்துவிட்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றவள், "இது அப்பா இல்லம்மா" என்றாள். அதற்கு மேல் கிட்டே வரவில்லை. கோயில் அறையில் பூட்டியிருந்த பெட்டி அங்கிருந்து இருநூறடி தூரம்கூட இல்லை.

காரியம் முடிந்த அன்று அத்தை தகட்டை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கப்பா. எங்க வூட்டுக்கு இனி எந்தப் பக்கமும் ஆவாது." அன்று இழுப்பறையில் போட்டேன், வெளியே எடுக்கத் துணிவில்லை. ஊரில் எந்தச் சண்டையும் இல்லை, எல்லோரும் என்னை வணங்கிவிட்டுத்தான் போகிறார்கள். நான் செத்தால் கோயில் பெட்டி ஒரு நிமிடம் தாமதிக்காமல் வரும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதில்தான் என் பெயர் இருக்கிறதே.