பக்கத்துக் கணினியில் கெமிஸ்ட்ரி

எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அசைன்மென்ட்டுக்காக, முன்பின் தெரியாத பெண்ணின் மவுசைப் பிடுங்கப் போனவன் நான்.

கீழக்கரை பிரவுசிங் சென்டரில் மெயில் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கணினியில் புர்கா அணிந்த ஒரு பெண். பதினாறு வயதிருக்கும். கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது.

கடைக்காரர் என் காதோரம் குனிந்தார். "இந்தப் பிள்ளையோட வாப்பாவுக்கு வேலை போயி, பாதி வருசத்துல துபாய விட்டு வந்துட்டாக சார். மிச்சப் படிப்ப அந்த ஸ்கூலே நெட்டுல நடத்துது. கெமிஸ்ட்ரி கடைசி அசைன்மென்ட். நாலு மணிக்குள்ள அனுப்பலைன்னா வருசமே போச்சு."

நாலடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவளோ ஒரு சமன்பாட்டின் அணுக்களை, தொழுகை முடிந்து தஸ்பீஹ் ஓதுவதுபோல் விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் எண்ணுவாள், வலப்பக்கம் எண்ணுவாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நான் திரையோரக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் என் கை தானாக நீண்டது.

"கைய எடுங்க மாமா!"

"நாலாகப் போகுதும்மா, அனுப்பிரு!"

"ஆக்சிஜன் ஒண்ணு இடிக்குது. தப்பா அனுப்புனாலும் வருசம் போயிரும்."

மணி நாலைத் தாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஸ்கூலு துபாயில இருக்கு மாமா. அங்கன இப்பத்தான் ரெண்டரை" என்றாள், திரும்பாமலே.

இன்னும் இரண்டு முறை எண்ணி, நிதானமாக அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து போனாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று சொல்லாமல் இருந்தாளா, இல்லை என் தவிப்பை ரசித்தாளா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடைக்காரர் வந்தார். "சார், இனிமே வந்தா அந்தக் கடைசி மூலையில உக்காருங்க. இங்கன பிள்ளைக படிக்குதுக."