எருமைக்கு வைத்த பொட்டு

ஓடிப்போனாளாம்! இந்தா வள்ளியம்மா, வாயில் வெற்றிலை இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணின் பேரையும் சேர்த்து மெல்லாதே. அருந்ததி ஓடிப்போகவில்லை.

"பின்ன என்னாக்கா? வெள்ளைக்காரன் வந்து நின்னான். கொஞ்ச நாள்ல இவளும் பொட்டியத் தூக்கிட்டா. இதுக்கு வேற பேரு இருக்கா லா?"

"இருக்கு. வேலைக்குப் போறதுன்னு பேரு."

"ஏரோப்ளேன் செய்யற வேலையா? ஒரு பொம்பளையா?"

"நீ சுடுற தோசையே இன்னும் வட்டமா வரல. அவ செஞ்ச ஏரோப்ளேன் மூக்கு தாம்பாளம் மாதிரி வட்டமா இருந்துச்சு. நானே தடவிப் பார்த்தேன்."

இவளிடம் பேசி ஆகப்போவதில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு அருந்ததியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தப்பு. நான் அடுத்த வீட்டுக்காரி. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது. காதும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. அதனால் இதை எழுதுகிறவர்கள் நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளட்டும், வள்ளியம்மா சொல்கிறபடி வேண்டாம்.

அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அப்புத்துரை ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை விரித்தால் வீடு தீப்பிடித்தாலும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அம்மா கனகேஸ்வரி, அவர் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டைகளைக் காலமெல்லாம் தோய்த்தவள். எங்கள் வரிசையில் எந்த வீட்டுத் துணியில் கறை பட்டாலும் அவளிடம்தான் போய்க் காட்டுவோம். பார்த்ததுமே சொல்லிவிடுவாள்: "இது எலுமிச்சம்புளிக்குப் போகும். இது வெயிலுக்குப் போகும். இது மஞ்சள், இது உன்னோட சுடுகாடு வரைக்கும் வரும்."

அருந்ததி அவர்களுக்கு ஒரே மகள். கடலோரத்தில் சீன முதலாளி தவுக்கே லிம்மின் படகுப் பட்டறையில் டைப் அடிக்கிற வேலை. பைபர் படகு, பைபர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்கிற இடம். கண்ணாடி நூலில் பாய் போல ஒன்று இருக்கும். அதை விரித்து, தேன் மாதிரி ஒழுகுகிற ரெசினை ஊற்றி, சின்ன இரும்பு உருளையால் காற்றுக்குமிழ் போக உருட்ட வேண்டும். காய்ந்தால் கல். ஒரு நாள் ஆள் குறைந்ததென்று அந்த உருளையை இவள் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு டைப் மெஷின் மேல் சிலந்தி கூடு கட்டியது.

வம்பு அன்றைக்கே ஆரம்பித்தது. கண்ணாடித் தூள் கழுத்தில் பட்டு அவள் சொறிந்துகொண்டே நடந்தால், "ஏதோ ஆகாத வியாதி" என்றார்கள். கையில் ஒட்டிய ரெசினை நகச்சாயம் அழிக்கிற மருந்தால் துடைத்துவிட்டு வருவாள். அந்த வாசனையை வைத்து, "யாருக்காக நகத்துக்குச் சாயம் போட்டு, யாருக்குப் பயந்து அழிக்கிறாளோ" என்றது யார்? வள்ளியம்மாதான்.

எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் பாலம் திறந்த மறு வருஷம் அந்த வெள்ளைக்காரர் வந்தார். ஹார்வி என்று பேர். ஆஸ்திரேலியாக்காரர். சண்டைக் காலத்தில் அக்கரையில் பட்டர்வொர்த் திடலில் விமானம் பழுது பார்த்தவராம். அங்கே நின்ற ஒரு ஜாதி விமானத்தை ஜப்பான்காரன் மிச்சமில்லாமல் அடித்து நொறுக்கிவிட்டான். இப்போது அவர் ஊர்க் காட்சிச்சாலையில் நிறுத்த, அதே அளவில், அதே உருவில், பைபரில் ஒன்று வேண்டும். பறக்க வேண்டியதில்லை. பார்த்தவன் ஏமாந்தால் போதும்.

ஆளைப் பற்றி ஊர் பேசுகிறதே, நான் பார்த்தேன். பல் கட்டியவர். சிரித்தால் மேல்பல் கீழே இறங்கிவிடும், கையால் தாங்கிப் பிடிப்பார். கூடவே மனைவி. அந்தம்மா குடைக்குக் கீழே உட்கார்ந்து தேங்காய்ப்பாலும் ஐசும் போட்ட செண்டோல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டா வருவான்?

தவுக்கே அந்த வேலையை அருந்ததி தலையில் கட்டினார். முதலில் மரத்தாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஒரு விமானம். அதன் மேல் மெழுகு பூசி, பைபரால் அச்சு எடுக்க வேண்டும். பிறகு அந்த அச்சுக்குள்ளே பைபர் போட்டால் அசல் உருவம் வரும். இட்லித் தட்டில் குழி எப்படியோ அப்படித்தானே இட்லி. ஆனால் நிஜ விமானத்தின் உடம்பு முழுக்க ஆணித் தலைகள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்குமாம். அதற்கு எங்கே போவது? அருந்ததி அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். சவ்வரிசி! நூல் பிடித்துக் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒவ்வொன்றாகச் சவ்வரிசியை ஒட்டினாள். மேலே வார்னிஷ். அச்சில் எடுத்தால் அத்தனையும் ஆணித் தலை.

அலமாரிச் சவ்வரிசி ஒரு இறக்கைக்கே போதவில்லை. மூலைக்கடை முகம்மது சுல்தானிடம் மூட்டையாக வாங்கினாள்.

"என்னாம்மா, இவ்வளவு பாயசம்? வீட்டுல விசேஷமா?" என்றார் அவர்.

"ஓம் காக்கா, பெரிய விசேஷம்" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள். குறும்புக்காரி. விளக்குப் போடுவதற்குள் எங்கள் வரிசை முழுக்க, அப்புத்துரை வீட்டில் ரகசியக் கல்யாணம், மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்று முடிவாகிவிட்டது. பாயசத்துக்குக் கூப்பிடவில்லையே என்று சில பேர் கோபம்கூடப் பட்டார்கள்.

சாயம் இன்னொரு கூத்து. ஹார்வி ஒரு பழைய தகரத் துண்டைக் கொடுத்து, இந்தப் பச்சைதான் வேண்டும் என்றார். கடையில் அந்தப் பச்சை கிடையாது. மீன் படகுகளுக்குப் பூசி மிஞ்சிய பச்சை, கொஞ்சம் கறுப்பு, கோயில் தேர்ச் சக்கரத்துக்கு வாங்கிய மஞ்சளில் மீதி, எல்லாவற்றையும் கலந்து வீட்டுப் பின்கதவில் பூசிப் பூசிப் பார்த்தாள். கதவு முழுக்கப் பச்சைத் திட்டு.

"கதவா இது, மாடு மேய்ஞ்ச இடமா?" என்று கனகேஸ்வரி கத்தினாள்.

"அளவு கிடையாதம்மா. கண்தான் அளவு. என்னாலயே இன்னொருத்தருக்குச் சொல்லித் தர ஏலாது."

இந்தப் பேச்சு பலகைச் சுவர் வழியாக எனக்கும் கேட்டது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அருந்ததிக்கு ஒரு ஆசை இருந்தது. ஹார்வியின் ஊரில் இந்த மாதிரிப் பழைய விமானங்களையே செய்கிற பட்டறை இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர வேண்டும். உன் விமானம் நன்றாக வந்தால் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். கனகேஸ்வரிக்கு அதைக் காதில் கேட்கவே பிடிக்கவில்லை. தைப்பிங்கில் ஒரு கிளார்க் பையனைப் பார்த்து வைத்திருந்தாள்.

"அவர் என்ன செய்வார்?" என்று மகள் கேட்டாள்.

"கணக்கு எழுதுவார்."

"வேற?"

"வேற என்ன செய்யோணும்? மனுசன்தானே, சர்க்கஸா?"

இப்படி மாதக் கணக்கில் தாயும் மகளும் முட்டிக்கொண்டார்கள். அப்புத்துரை பேப்பர் படித்தார்.

விமானத்துக்குக் கடைசிப் பூச்சு முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் அருந்ததி வீட்டுக்கு வந்தாள். செருப்புச் சத்தமே சரியில்லை. ஹார்வி தவுக்கேயிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: பட்டறையில் இப்போது இடம் இல்லை, விமானம் மட்டும் போதும். அவள் சாப்பிடவில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"தைப்பிங்குக்குச் சரி எண்டு சொல்லுங்கோ."

கனகேஸ்வரி ஜெயித்துவிட்டாள் அல்லவா? கூத்தாடியிருக்க வேண்டும். நான் காதைச் சுவரில் வைத்தேன். மகள் தொடாத சோற்றை மூடி வைக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு, "அந்தப் பிளேனுக்கு என்ன பேர், பிள்ளை?" என்று கேட்டாள்.

"பஃபலோ. எருமை."

"எருமையோ? எமன்ர வாகனத்தையோ இவ்வளவு நாளும் சவ்வரிசி ஒட்டிச் செய்தனீ?"

விடிந்ததும் கனகேஸ்வரி என் கதவைத் தட்டினாள். கையில் கிண்ணம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ரத்தச் சிவப்பாக இருந்தது.

"வா பிள்ளை. அந்த எருமைக்குத் திருஷ்டி கழிக்கோணும்."

பட்டறைப் பக்கமே மிதிக்காதவள்! நான் விடுவேனா? கிளம்பினேன். விமானம் வாசலுக்கு நேரே நின்றது. குட்டை, தடிமன், பீப்பாய் மாதிரி வயிறு. எருமை என்று பேர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது. அருந்ததி உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி மூக்கருகில் போனாள். சுண்டுவிரலால் சாயத்தை லேசாகத் தொட்டாள். இன்னும் பிசுபிசுப்பு. விரலைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், கிண்ணத்தில் கட்டைவிரலை நன்றாகத் தோய்த்து ஒரு பொட்டு வைத்தாள். பொட்டா அது? அப்பம்!

ஹார்வி, அவர் மனைவி, தவுக்கே எல்லோரும் வந்தார்கள். ஹார்வி கண்ணை மூடிக்கொண்டு சவ்வரிசி ஆணிகளின் மேல் கையை ஓட்டினார். பாதி வழியில் நின்றுவிட்டார். அந்தப் பழைய திடலில் நிற்கிற மாதிரி முகம். பிறகு சுற்றிக்கொண்டு மூக்குப் பக்கம் வந்தார்.

"வாட் இஸ் திஸ்?"

கைக்குட்டையால் துடைத்தார். பரவியது. அருந்ததி ஓடிவந்து அந்த நகச்சாய மருந்து போட்டுத் துடைத்தாள். பச்சை கரைந்தது, சிவப்பு அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அப்பா இனி, என்னா இது! நாள லோரி வருது லா!"

கனகேஸ்வரி பதறவே இல்லை. ஹார்வியிடம் கான்வென்ட் இங்கிலீஷில் பேசினாள். இது கண்ணேறுக்கு, நீங்கள்தான் வந்ததிலிருந்து இப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்றாளாம். அருந்ததி என் காதில் சொன்னாள். அந்த வெள்ளைக்காரம்மா செண்டோல் புரையேறிச் சிரித்தாள்.

சுரண்டி மறுபடி பூச இங்கே நேரமில்லை. ஊருக்குக் கொண்டுபோய்ப் பூசலாம் என்றார் ஹார்வி. சாயத்தின் நம்பர் என்ன? நம்பர் இல்லை, நான் கலந்தது என்றாள் அருந்ததி. அளவு? அதுவும் இல்லை. வேறு யாராவது கலந்தால்? மூக்கு ஒரு பச்சை, உடம்பு ஒரு பச்சை, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி நிற்கும். முழுக்கச் சுரண்டினாலோ சவ்வரிசி ஆணியெல்லாம் போய்விடும்.

ஹார்வி பல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவர் மனைவி ஸ்பூனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

திரும்பி நடந்து வரும்போது நான் கேட்டேன். "அக்கா, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா போகாதுன்னு ஊருக்கே சொல்ற ஆளு நீங்க. ஈரச் சாயத்துல போயி வைக்கலாமா?"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை? நான் துணிதான் தோய்க்கிறனான். ஏரோப்ளேன் தோய்ச்சுப் பழக்கமில்லை" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினதில் கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

விசாவெல்லாம் வந்து, அவள் புறப்பட்ட நாளை நான் சொல்லியே ஆக வேண்டும். பட்டப்பகல். டாக்சி தெருமுனையில். கனகேஸ்வரி அதே கிண்ணத்தில் விரலைத் தோய்த்து மகளின் நெற்றியிலும் ஒரு அப்பம் வைத்தாள். அருந்ததி கையைத் தூக்கினாள்.

"துடைக்காதே. துடைச்சாப் பரவும், தெரியும்தானே."

வலது காலை எடுத்து வைத்து அருந்ததி வாசலைத் தாண்டினாள். கேட்டைத் தாண்டியதும்தான், "அம்மா, என்ர உருளை!" என்று நின்றாள். ரெசின் உருட்டுகிற இரும்பு உருளை. புறப்பட்டவள் திரும்பி உள்ளே வரக்கூடாது என்று கனகேஸ்வரி வாசலில் கையை விரித்து மறித்தாள். வாழ்நாளில் முதல்முறையாகப் பாதிப் பக்கத்தில் பேப்பரை மடித்துவிட்டு அப்புத்துரை உள்ளே ஓடினார். கொண்டுவந்தது சப்பாத்திக் கட்டை. மறுபடி போனார். அந்த நேரமெல்லாம் நடுத்தெருவில் பெட்டி மேல் உட்கார்ந்து அருந்ததி கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஜன்னல் ஜன்னலாக எல்லாத் தலையும் பார்த்தது.

டாக்சிக்காரன் ஹாரன் அடித்ததும் அவள் எழுந்து தெருமுனைக்கு நடந்தாள். அப்புறம்தான் உருளை வந்தது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது? எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு நின்றாள். கனகேஸ்வரி அவள் கையில் அதைத் திணித்தாள். "கெதியா ஓடு, டாக்சி போயிடும்!"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெற்றிலைச் சாறு வழிய அந்த உருளையோடு ஓடினது யார் வள்ளியம்மா? அன்றைக்கு இந்தத் தெருவில் ஓடினது நீ ஒருத்திதான். அருந்ததி பொட்டைத் துடைக்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உன் கண் முன்னால் நடந்துதான் போனாள்.