அண்ணன் எண் போட்டு எழுதிய கடிதங்கள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். நல்லதை மட்டும் எழுதினால் அண்ணனுக்குப் பிடிக்காது. இருப்பதை இருந்தபடி திறந்து காட்டுவதுதான் அவர் வாழ்நாள் முழுதும் பார்த்த வேலை. அதனால் அவர் மேல் எனக்கிருந்த பொறாமையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் அரியலூருக்குப் பக்கத்தில் ரெட்டிபாளையத்தில் பிறந்தவர். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்தார். அம்மா களையெடுக்கப் போவார். சிமெண்டுப் புழுதி படிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போன அண்ணனைத் திருச்சிக் கல்லூரி வரைக்கும் அனுப்பினார்கள். வீட்டில் ஒருவரைத்தான் அவ்வளவு தூரம் படிக்க வைக்க முடியும் என்றார் அப்பா. அந்த ஒருவர் யார் என்ற பேச்சே எழவில்லை. கணக்கில் அவரைவிட நான் கெட்டிக்காரி என்று வாத்தியார் சொன்னதுண்டு. நான் ஆசிரியர் பயிற்சியோடு நின்று, குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டு, இன்றும் அங்கேயே தொடக்கப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன்.

அண்ணன் வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டு உதவியோடு கட்டிய நிலையம் அது. கொடுத்த எரிபொருள் மின்சாரத்துக்கு மட்டுமே பயன்படுகிறது, குண்டு செய்யப் போகவில்லை என்று உறுதிப்படுத்த, ஒப்பந்தப்படி வெளிநாட்டுச் சோதனையாளர்கள் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். அவர்களை உள்ளே அழைத்துப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் எரிபொருள் கட்டுகளைக் காட்டி, போன முறை அவர்கள் வைத்த சீல் அப்படியே இருக்கிறதா என்று கூட நின்று பார்ப்பது அண்ணனின் பொறுப்பு.

தொண்ணூற்றெட்டில் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது, நிலையத்தையும் குண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எங்கள் தெருவே அண்ணனைக் கொண்டாடியது. அடுத்த பொங்கலுக்கு அவர் வந்தபோது என் மகள் கயல்விழி ஐந்தாம் வகுப்பு. மாமா வந்துவிட்டால் அவளுக்கு நான் கண்ணில் படமாட்டேன். தட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"மாமா, அணு ஆயுதம் பரவக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் இருக்குதாம். அதுல நம்ம நாடு ஏன் கையெழுத்துப் போடல?"

"ஏற்கெனவே வச்சிருந்தவங்க அஞ்சு பேரு வச்சுக்கலாம், மத்தவங்க செய்யக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும்மா. அது சரியில்லன்னு நம்மாளுங்க சொல்லிட்டாங்க."

கரண்டியோடு நின்ற எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது. என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

"அப்ப உங்க வேலையில வர்ற வெள்ளக்காரங்க இனிமே வரமாட்டாங்களா?"

"வராங்களே. மேல அரசாங்கங்களுக்குள்ள சண்ட நடக்குது, கீழ எண்ணிக்க நடந்துகிட்டுதான் இருக்கு. போன மாசம் வந்தவருக்கு எங்க வூட்லதான் இட்லி."

நான் குறுக்கே கேட்டேன். "நம்மளத் திருடன்னு நெனைக்கிறவனுக்கு இட்லியாண்ணே?"

அண்ணன் சிரித்தார். "அவரு அப்படி நெனைக்கல தங்கச்சி. திருடனா இல்லையான்னு பாக்குறது அவரு வேல. கதவத் தொறந்துவிடுறது என் வேல. இதுல கோவம் எதுக்கு?"

பிறகு கயலை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கரண்டு மீட்டரில் கம்பி கோத்துப் போட்டிருக்கும் சீலைக் காட்டினார். "இத ஒரு பல்லாலயே கடிச்சுப் பிச்சுடலாம். திருட்ட இது தடுக்காது. ஆனா தொறந்தா தெரிஞ்சுபோவும். அவ்வளவுதான் இதுக்கு வேல."

அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் அவர் கயலுக்கு, உறையில்லாமல் தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் இன்லண்ட் லெட்டர் எழுதத் தொடங்கினார். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்று தவறாமல் வரும். தபால்காரர் வாசலிலேயே கிண்டல் செய்வார். "டீச்சர், மாமன் லெட்டர் வந்துருச்சு. பாப்பாகிட்ட குடுக்கவா, உங்ககிட்டயா?"

என்னிடமே வாங்கிக்கொள்வேன். கயல் பள்ளியிலிருந்து வருவதற்குள், இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிடுவேன். ஏழு வருடம் இதைச் செய்தேன். என் மகள் என்னிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் அவரிடம் கேட்டிருப்பாள். அவர் பொறுமையாகப் பதில் எழுதியிருப்பார். எனக்கு ஒரு பதிலும் வராதே என்று வயிறு எரியும்.

நாற்பத்தொன்றாம் கடிதம் அவள் பிளஸ் டூ முடித்த மே மாதம் வந்தது. "எங்கள் வீட்டில் தங்கி இங்குள்ள கல்லூரியில் இயற்பியல் படி. பிறகு எங்கள் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்" என்று எழுதியிருந்தார். அடுத்த வரியைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் மடித்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். கயல் பெரம்பலூரிலேயே கணிதம் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வீடு வந்தாள். நான் நிம்மதியாக இருந்தேன்.

நாற்பத்திரண்டு வந்தது. நாற்பத்தொன்று வரவில்லை என்று கயல் எழுதியிருக்கிறாள் போலும். அதையும் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "காணாமல் போனதைப் பற்றிக் கவலைப்படாதே கயல், அது உரியவரிடம் பத்திரமாக இருக்கும்." அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. ஆனாலும் மறைத்ததை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த ஆவணியில் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள், "அந்த அணு வேலதான் ஆள எடுத்துருச்சு" என்று கயல் காதுபடவே பேசினார்கள். அது உண்மையில்லை என்று மருத்துவர் அண்ணியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பயந்தால் என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். அண்ணனுக்கு நான் செய்ததிலேயே பெரிய துரோகம் அதுதான்.

இப்போது பேப்பரைத் திறந்தால் அமெரிக்காவோடு போடும் நூற்று இருபத்து மூன்று ஒப்பந்தம்தான். எந்த உலை மின்சாரத்துக்கு, எது ராணுவத்துக்கு என்று பிரித்து, மின்சார உலைகளை வெளியார் சோதனைக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். வேண்டும், வேண்டாம் என்று டீக்கடையில்கூட வாதம் நடக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் யாரிடமும் கோபப்படாமல் இரண்டு பக்கத்தையும் விளக்கியிருப்பார்.

மலரில் அச்சிட அண்ணனின் கடிதம் ஒன்று வேண்டும் என்று அண்ணி கேட்டார். கயல் கடிதக் கட்டை எடுத்துவந்து கூடத்தில் எண் வரிசையில் பரப்பினாள். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே ஒரு கடிதம் வைக்கும் அளவு இடம் விட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் பீரோவைத் திறந்து எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தேன்.

"நான் எடுத்தது எப்படிம்மா தெரியும் உனக்கு?" என்றேன்.

கயல் ஒரு பழைய கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒட்டுகிற மடிப்பின் மேல் மெல்லிய பேனாக் கோடு ஒன்று ஓடியது. மடிப்பில் பாதி, கீழே பாதி. இரண்டும் நூலளவு விலகியிருந்தன.

"எல்லாத்துலயும் ஒட்டுனதுக்கு மேல மாமா கோடு போடுவாரும்மா, மீட்டர் சீலு மாதிரி. ஒண்ணுலகூட சேந்ததில்ல. ரெண்டாவது லெட்டர்லயே எழுதிக் கேட்டேன். அம்மா படிக்கட்டும், நீ கண்டுக்காதன்னு பதில் போட்டாரு. அந்தப் பதிலையும் நீதான படிச்ச?"

படித்திருந்தேன். நான் ஏதோ புத்தகம் படிப்பதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வருசமா ஏன் கேக்கல?"

"நீயா தொறப்பேன்னு பாத்தேன்."

நாற்பத்தொன்றை அவள் நிதானமாக விரித்தாள். பக்கவாட்டு மடிப்பின் உட்புறத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்த வரிகளை நான் அன்று பார்க்கவே இல்லை. அவள் வாசித்தாள்.

"தங்கச்சி, முதலில் நீதான் படிப்பாய். திருச்சிக்கு நீ போயிருக்க வேண்டும். நான் போனேன். அன்று வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்பு. கயல் வருவதா வேண்டாமா என்பதை நீ சொல். உன்னைக் கேட்காமல் இந்த முறை எதுவும் நடக்கக் கூடாது."

ஏழு வருடம் எனக்கு ஒரு பதிலும் இல்லை என்று புழுங்கினேன். வந்த பதில் ஓராண்டுக்கும் மேலாக என் புடவைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்து இறுதிவரை உடனிருந்த நிலையத்துத் தோழர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக ரயிலேறி வந்தவர்களுக்கும், அஸ்தி கரைக்கத் திருமானூர் கொள்ளிடக் கரை வரை உடன் நடந்த ரெட்டிபாளையத்து உறவுகளுக்கும், குரும்பலூர்த் தபால்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் உயிரை அவர் வேலை எடுக்கவில்லை என்பதையும் அனைவரும் அறியச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணா, நீங்கள் என்னிடம் கேட்டதற்குப் பதில் இது. பட்டம் முடிந்ததும் கயல் மேலே படிக்க வடக்கே அண்ணி வீட்டுக்கு வருகிறாள். அங்கிருந்து அவள் எனக்குக் கடிதம் எழுதுவாளாம். மடிப்பில் கோடு போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போடுவேன் என்கிறாள்.