கம்ப்யூட்டரில் ஏறாத கைமாத்து

செங்கொடிக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும் என்று திருவொற்றியூரில் அந்தப் பம்பு கம்பெனி முழுக்கத் தெரியும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தண்ணீர் லாரியோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள். பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்து, ஸ்டோர் பொறுப்புக்கு உயர்ந்தவள். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் பச்சையம்மாவுக்குத் திருடி என்ற பேர் நிலைத்திருக்கும்.

பச்சையம்மா ஸ்டோரில் சாமான் பிரித்து அடுக்குகிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். அந்தத் திருட்டு விவகாரத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது கைமாத்தில் ஆரம்பித்தது. ஓர் ஆர்டருக்குச் சாமான் குறைந்தால், அசெம்பிளி சூப்பர்வைசர் ஸ்டானிஸ்லாஸ் இன்னொரு ஆர்டரின் சாமானை வாங்கிப் பம்பில் பூட்டி அனுப்பிவிடுவார். புது லாட் வந்ததும் திருப்பி வைப்பார். எல்லாம் வாய் வார்த்தைதான். அதைத்தான் அங்கே கைமாத்து என்பார்கள்.

பிறகு சாஃப்ட்வேர் வந்தது. எந்த வொர்க் ஆர்டருக்கு எந்த உதிரிப்பாகம் என்று அதில் ஏறியிருக்கும். ஒன்றுக்கு ஒதுக்கியதை இன்னொன்றுக்கு மாற்ற முதலாளியின் அனுமதி வேண்டும். போனால், ஏன் குறைந்தது என்று அவர் குடைவார். அதனால் ஸ்டானிஸ்லாஸ் வழக்கம்போல ஸ்டோர் ஜன்னலுக்கே வந்து, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் ஒரு பெட்டி கைமாத்தாகக் கேட்டார். பழகிய மனிதராயிற்றே என்று செங்கொடியும் கொடுத்தாள்.

புது லாட் வருவதற்குள் ஸ்டாக் கணக்கு எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் சீல் இருந்தது, அலமாரியில் இல்லை. செங்கொடி நடந்ததை அப்படியே சொன்னாள். முதலாளி ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று அந்த மனிதர் கூசாமல் சொன்னார்.

அன்று சாயங்காலம் கேட்டில் பச்சையம்மாவின் பையைக் கவிழ்த்தார்கள். செங்கொடியின் பையைத் தொட எவனுக்கும் துணிச்சல் இல்லை. வாயில்லாதவள் என்றுதானே இவளைப் பிடித்தார்கள்! சாப்பாட்டு டப்பாவும் மாத்திரை அட்டையும் ஒரு பழைய துண்டும் விழுந்தன. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உருண்டுபோன டப்பா மூடியை அவளே குனிந்து எடுத்தாள். சீல் கிடைக்கவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை.

செங்கொடி விடவில்லை. முதலாளியிடம் இரண்டு முறை போய்க் கத்தினாள். கம்ப்யூட்டரில் என்ட்ரி இருக்கிறதா என்று கேட்டு அவர் அவள் வாயை அடைத்தார்.

அடுத்த வாரம், துறைமுகத்துக்குப் போக வேண்டிய பம்புக்குப் பேரிங் குறைந்தது. ஸ்டானிஸ்லாஸ் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"ரெண்டு பேரிங் கைமாத்து குடும்மா. லாரி வந்து நின்னுகினு கீது."

என்ன தைரியம் பாருங்கள். செங்கொடி பேரிங்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அவரை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவள், அன்று கூப்பிடவில்லை.

"கேட்டாண்ட வா. அந்தம்மா பைய கவுத்தாங்களே, அந்த எடத்துல நின்னு, சீல் வாங்கினது நான்தான்னு உன் வாயால சொல்லு. அப்பால தர்றேன்."

லாரி டிரைவர் ஹாரனை அடித்துத் தள்ளினான். என்ன தாமதம் என்று முதலாளியே இறங்கி வந்தார். பாதி கம்பெனி கூடிவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் மென்று முழுங்கி, கைமாத்து வாங்கியது தான்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காது கேட்கவில்லை என்று செங்கொடி இன்னொரு தரம் சொல்ல வைத்தாள். முதலாளி மணியைப் பார்த்தார். முதலில் லாரியை அனுப்பச் சொன்னார். பச்சையம்மாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பச்சையம்மா பை இல்லாமல் வந்தாள். டப்பாவையும் மாத்திரையையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தாள். வாட்ச்மேன் கேட்காமலே அதைத் தூக்கிக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த செங்கொடிக்குக் கோபம் தலைக்கேறியது.

"அதான் அந்தாளே ஒத்துக்கினானே, இன்னும் இன்னாத்துக்குக்கா காட்டினுகீற?"

"நாளிக்கு வேற எதுனா கொறைஞ்சா?" என்றாள் பச்சையம்மா.