டெலியா கேலியை நிறுத்திய பிறகு

ஆம்புரோஸ் மாமாவை நேற்று மேட்டில் அடக்கம் செய்தோம். மிசோரி ஆற்றங்கரையில், சோளமும் அவரைக்காயும் விளைந்த எங்கள் பள்ளத்தில் அவருக்கு இடமில்லை. அது அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் இருந்த வெள்ளைக்காரர் ஊரைச் சுற்றி அரசாங்கம் கரை எழுப்பிக் காத்தது. பழங்குடிகளான எங்களை மேட்டுக்குப் போகச் சொன்னது.

மாமா போகவில்லை. தண்ணீர் வேலியைத் தொட்ட பிறகும் விதைத்துக்கொண்டிருந்தார். அம்மா அழுது பார்த்தாள், அசையவில்லை. கடைசியில் டெலியா வந்தாள். அவளுடைய அப்பாவும் மாமாவின் அப்பாவும் ஒரே குலம். எங்களில் அப்படிப்பட்டவர்களுக்குக் கேலி பேசும் உரிமை உண்டு. பலர் முன்னால் மானத்தை வாங்கினாலும் கோபப்படக் கூடாது. கேட்டுத் திருந்த வேண்டும்; பதிலுக்குக் கேலி பேசலாம்.

"என்னடா ஆம்புரோஸ், மீனுக்கா விதைக்கிற? போர்ல ஜெர்மன்காரன் சுட்டப்ப ஓடின காலுதானே, இப்ப வேர் விட்டுருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார்.

"உன் வாய்க்கு அந்த அணையே தேவலாம்" என்றவர், மறுநாள் பலகை வீட்டைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்.

மேட்டில் காற்றுதான் இருந்தது. கண்ணெதிரே அணை தேக்கிய அவ்வளவு பெரிய ஏரி, குடிக்கவோ தூரத்திலிருந்து பீப்பாயில் கொண்டுவந்த தண்ணீர். மாமா மூட்டைகளைப் பிரிக்கவே இல்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து ஏரிப்பக்கம் போய்விடுவார். டெலியா அதன்பின் அவரைக் கேலி செய்யவில்லை. எதிரில் வந்தால், "நல்லா இருக்கியா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு நகர்வாள்.

அது அவரை அரித்தது. ஒரு விருந்துக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய் அவள் முன்னாலேயே நின்றார்.

"பாரு டெலியா. ஏதாவது சொல்லு."

"என் வாயாலதான்டா நீ நிலத்தை விட்டு வந்த. அது போதும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் என்னிடம் புலம்பினார். "வெள்ளைக்காரன் நிலத்தைத்தான் எடுத்தான். இவ எதுக்கு என்னைப் பாவம்னு பாக்குறா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நேற்று குழியை மூடப் போகும் நேரத்தில் டெலியா தடியூன்றி முன்னால் வந்தாள்.

"டேய் சோம்பேறி! பீப்பாய் காலியாக் கெடக்கு, நீ படுத்துட்ட. இப்பவாவது அந்த மூட்டையைப் பிரிடா!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லோருமே. இனி பதில் சொல்வது மாமாவின் முறை. டெலியா குழியைப் பார்த்தபடி காத்து நின்றாள். மண்வெட்டி பிடித்தவர்களும் நின்றார்கள்.